பாறையில் உரசிய மீன்

முதலில் உரசியது நீலமீன்தான். காலை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் அது நேராக நீந்தி வந்து, சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து, பாறையில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனது. முதுகு அரிக்கிற மாடு மரத்தில் தேய்த்துக்கொள்ளுமே, அப்படி. ஒரு சுற்று சுற்றி வந்தது. மறுபடியும் அதே இடம், அதே தேய்ப்பு.

“ஏங்க, இது இன்னா பண்ணுது பாருங்க.”

என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். “வெளையாடுது. நீ கெளம்பு, ட்ரெயின் போயிடும்.”

அவர் தொட்டியைப் பார்த்த நேரம் மிகக் குறைவு. வழக்கமாக ஒரு மீன் கொட்டாவி விட்டால்கூட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறவர். அன்று ஏன் அப்படி அவசரமாகத் திரும்பிக்கொண்டார் என்று ரயிலில் உட்கார்ந்த பிறகு தோன்றியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் மறந்துவிட்டேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். வீடு கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்கு நடந்தே போய்விடலாம். காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். என் வேலையே சந்தேகப்படுவதுதான். காய்ச்சலோடு வருகிறவர் மழையில் நனைந்தேன் என்பார், வயிற்றுப்போக்கோடு வருகிறவர் கல்யாண வீட்டுச் சாப்பாடு என்பார். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்லைடில் இருப்பதை மட்டும் பார்க்கவேண்டும். இருபது வருடமாக அப்படியே பழகிவிட்டது. வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது என்று என் கணவர் சொல்லுவார். காய்கறிக்காரர் எடை போடும்போது நான் முள்ளைப் பார்க்காமல் அவர் கையைத்தான் பார்ப்பேனாம்.

கடல்நீர்த் தொட்டி இவருடைய ஆசை. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். பதினெட்டு வயதுவரை கடலைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். நானோ துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள குப்பத்துப் பெண். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சிதம்பரத்தில் படித்தபோது பழக்கமாகி, நாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டோம். இவர் வீட்டில் எங்களை உள்ளே சேர்க்க இரண்டு வருடம் ஆனது. மீன் வாசம் என்று அப்போது அங்கே யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. இவரும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் பாறை, மணல், நாலைந்து நத்தை. மீன்கள் மொத்தம் நான்கு. கடைக்காரர்கள் ப்ளூ டேங் என்று சொல்லும் நீலமீன் ஒன்று. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி, பெரியது பெண், சின்னது ஆண். கறுப்பும் வெள்ளையுமாக டாம்சல் என்று ஒரு குட்டி முரடன். எல்லாம் சிதம்பரத்தில் ஒரே கடையில் வாங்கியவை. தண்ணீர் மட்டும் என் அண்ணன் கொடுப்பது. அண்ணனுக்கு ஃபைபர் போட் இருக்கிறது. பத்து பாகம் ஆழத்துக்கு அப்பால், கலங்கல் இல்லாத இடத்தில் கேன்களை முக்கி நிரப்பி, மூடியை இறுக்கிக் கொண்டுவருவார். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் கேன்களைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்.

“மாப்ள, ஒங்க தீர்த்தம் வந்துடுச்சு.”

இவர் அதைத் துணியில் வடிகட்டி, டிரம்மில் ஊற்றி, உப்பு அளவு பார்த்து, பிறகுதான் தொட்டியில் விடுவார். மூன்று வருடமாக ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆனதில்லை. தொட்டிக்கு இவர் போட்ட சட்டங்கள் பல. சோப்புக் கையை உள்ளே விடக்கூடாது. அறையில் கொசு மருந்து அடிக்கக்கூடாது. தீனி போட்டதும் மூடியை மூடவேண்டும், க்ளவுன் மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும். ஒருமுறை நான் மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நீலமீன் உரசிய மூன்றாம் நாள், அதன் துடுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ரவையைத் தூவியது போல. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. டாம்சலின் வாலில் நான்கு. இப்போது இவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் நான்கு பல் பூண்டை நசுக்கி, சாற்றில் மீன் தீனியை ஊறவைத்துப் போட்டார். வீடெல்லாம் ரசம் வைத்த வாசனை.

ஐந்தாம் நாள் புள்ளிகள் காணாமல் போய்விட்டன.

“பாத்தியா, பூண்டு வேல செய்யுது,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அளவுக்கு மீறிய நிம்மதி என்று எனக்குப் பட்டது.

“அப்படியே போயிடுமா?”

“போயிடுச்சே. கண்ணால பாக்குற இல்ல?”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒட்டுண்ணி என்ற ஜாதியே அப்படித்தான். காணாமல் போவது செத்துப்போவது ஆகாது. மலேரியாக்காரர் காய்ச்சல் விட்ட நாளில் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். அந்த நாளில்தான் நான் அவருடைய ஸ்லைடை இன்னும் கவனமாகப் பார்ப்பேன். மீன் உடம்பில் இல்லையென்றால் அது எங்கே போயிருக்கிறது? மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணலில் என்ன தெரியும்.

அடுத்த வாரம் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த முறை எண்ண முடியவில்லை. நீலமீன் உப்பில் புரட்டியது போல இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. டாம்சல் மூலையில் தலை குத்தி நின்றது. க்ளவுன் ஜோடி இன்னொரு விதமாக நடந்துகொண்டது. மூன்று வருடமாக ஒட்டிக்கொண்டு திரிந்தவை. இப்போது பெரியது சின்னதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. சின்னது பம்ப்பின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நோயின் எரிச்சல் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இவர் தொட்டியைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

“மச்சான் இந்தத் தடவ தண்ணி எங்க மொண்டாரோ தெரியல.”

“எப்பவும் மொள்ற எடத்துலதான்.”

“டீசல் வெல ஏறிப்போச்சு. அவ்ளோ தூரம் போறாரா, இல்ல முகத்துவாரத்துலயே முக்கிட்டு வந்துடுறாரான்னு யாருக்குத் தெரியும்?”

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனேன். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம். எனக்குள்ளும் அந்தக் கேள்வி போய் உட்கார்ந்துகொண்டதுதான் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம். பூச்சி வெளியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். மூன்று வருடமாகப் புதுமீன் ஒன்றும் தொட்டிக்குள் போகவில்லை. வெளியிலிருந்து உள்ளே போவது தண்ணீர் ஒன்றுதான். தண்ணீர் அண்ணன் கையிலிருந்து வருகிறது.

மறுநாள் காலை டாம்சல் மணலில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் மெதுவாக அசைந்தது. நான் ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் விளிம்பால் அதன் பக்கவாட்டை லேசாகச் சுரண்டி, அந்த வழவழப்பைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சாம்பிள் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். அது செத்துப்போனது நான் செருப்பு மாட்டும்போது. ரயிலில் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். பரங்கிப்பேட்டையில் ஏறிய ஒரு அம்மா, “கொழந்தைக்கு மருந்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லேபில் நோயாளிகள் வருவதற்கு முன் கால் மணி நேரம் கிடைத்தது. ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் குறைந்த பெரிதாக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் வெறும் செதில். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினேன். அங்கே இருந்தது. உருண்டையாக, உள்ளே கருத்து, ஓரமெல்லாம் மயிர் போலச் சிலிர்த்து, மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்த நகர்த்த இன்னும் இரண்டு. மனிதக் குடலில் இதே வகையைச் சேர்ந்த ஒன்று உண்டு, படிக்கிற காலத்தில் படத்தில் பார்த்ததோடு சரி. இது உயிரோடு என் கண்ணுக்கு நேரே சுழன்றது. அருவருப்பைவிட ஒரு திருப்திதான் முதலில் வந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சந்தேகப்பட்டது சரி. போனின் கேமராவைக் கண் வைக்கும் இடத்தில் பொருத்தி வீடியோ எடுத்தேன்.

டீ வேளையில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய். பூச்சி மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்று கொழுக்கும். சில நாளில் தானாக உதிர்ந்து மணலிலும் பாறையிலும் ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே நூறு இருநூறாகப் பிரியும். பிறகு வெடித்து வெளியே வந்து மீனைத் தேடும். புள்ளிகள் மறைந்த அந்த ஐந்தாம் நாளில் எங்கள் மணலில் நடந்தது அதுதான். பூண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. மருந்தைத் தேடுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று பட்டது. அந்த ஞாயிறு அண்ணன் கேன் கொண்டுவந்தபோது நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். அவர் போனதும் ஒவ்வொரு கேனிலிருந்தும் தண்ணீர் எடுத்து மூன்று டப்பாக்களில் நிரப்பி, பழக்க தோஷத்தில் லேபிளும் ஒட்டினேன். அண்ணன் 1, அண்ணன் 2, அண்ணன் 3. லேபில் மெஷினில் வைத்துச் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்துப் பார்த்தேன். கடல்நீரில் இருக்கிற வழக்கமான பொடி உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நான் தேடியது இல்லை. இல்லை என்பதை நான் நம்பவில்லை. மீதியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன்.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது நல்ல வெயில். “பாப்பா, சில்லுன்னு தண்ணி குடு,” என்று சொல்லிவிட்டு, நான் வருவதற்குள் அவரே ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது.

“இது இன்னா பாப்பா?”

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

“என் தண்ணிக்கு டெஸ்ட்டா?”

“இல்லண்ணே. மீனுக்கு ஒரு பூச்சி வந்துருக்கு. எல்லாத் தண்ணியும் பாத்துட்டிருக்கேன்.”

“எல்லாத் தண்ணியும்னா, கடக்காரன் தண்ணி டப்பா எங்க? ஒன் வீட்டுக்காரரு பேரு போட்ட டப்பா எங்க?” அவர் குரலை உயர்த்தவில்லை. டப்பாக்களை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்து ஃபிரிட்ஜை மூடினார். “எம் பேருதான மூணுலயும் இருக்கு.”

இவர் அப்போது தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். இவர் நீலமீனைப் பார்த்தார். அண்ணன் தண்ணீர் குடிக்காமல் போனார். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. போன் செய்தேன். அண்ணி எடுத்து, “போட்டுக்குப் போயிருக்காரு” என்றார். சாயங்காலம் கூப்பிட்டாலும் அதே பதில்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் லேப் அட்டெண்டர் அக்கா, ஊசிகளைப் பிரித்து வைத்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார்.

“போன மாசம் சார் இங்க வந்திருந்தாரே, நீங்க சொல்லவேயில்ல?”

“எந்த சார்?”

“ஒங்க வீட்டுக்காரருதான். பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு கவர நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுட்டு நின்னாரு. நான் கூப்பிட்டேன், காதுல விழல போல. கூட்டமா வேற இருந்துச்சு.”

“என்னைக்கு?”

“வெள்ளிக்கெழம. பிரதோஷத்துக்கு மறுநாள். நான் கோயிலுக்குப் போன மறுநாள்தான், நல்லா ஞாபகமிருக்கு.”

அன்று வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகக் கேட்டேன். போன மாதம் சிதம்பரம் வந்தீர்களா என்று.

“நானா? நான் எதுக்கு சிதம்பரம் வரேன்? ஆபீஸ்ல தல நிமிர நேரமில்ல.” பதில் மிக வேகமாக வந்தது. நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது.

அந்த வாரம் எனக்கு ஓடிய நினைப்புகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஊருக்கே எனக்குத் தெரியாமல் வந்துபோன ஒரு கணவர். நெஞ்சோடு அணைத்த ஒரு கவர். அதில் புடவை இருந்திருக்கலாம், வளையல் இருந்திருக்கலாம். அவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். போன் மணி அடித்தால் அவர் முகத்தைப் பார்த்தேன். மாலை ரயில் கிள்ளையில் நின்றால், எதிர்ப் பிளாட்பாரத்தில் அவர் நிற்கிறாரா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஏன் கிள்ளையில் நிற்கப்போகிறார் என்று எனக்கே தெரியாது.

விடை போனில்தான் இருந்தது, என் போனில். பூச்சி வீடியோவைத் தேடும்போது, பொங்கலன்று தொட்டியின் முன்னால் எடுத்த ஒரு படம் கண்ணில் பட்டது. க்ளவுன் ஜோடி கண்ணாடியை ஒட்டி நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். சின்ன மீனின் வால் பக்கத்து வெள்ளைப் பட்டையில், எலி கடித்தது போல ஒரு நெளிவு. அப்படியே போனை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். பம்ப்பின் பின்னால் ஒளிந்திருந்த சின்னது வெளியே வரும்வரை காத்திருந்தேன். வந்தது. வால் பட்டை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது.

அது எங்கள் மீன் இல்லை.

ஒரு மாதத்துக்கும் மேலாக ஒவ்வொரு நாளும் அந்த மீன்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளிகளை எண்ணினேனே தவிர மீனைப் பார்க்கவில்லை. பெரிய மீன் மட்டும் கண்டுபிடித்து, அந்நியனைக் கடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆட்டோ பிடித்து அந்த மீன் கடைக்குப் போனேன். கடைக்காரரும் இவருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்ற கோபம். கடையில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டேன்.

“நோய் புடிச்ச மீன எப்படிங்க விக்கிறீங்க?”

கடைக்காரர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. “மேடம், சார் வந்து ஒரு க்ளவுன் வாங்கினாரு. ஒத்துக்குறேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி எறங்குன லோடு. அதனாலதான் அவருகிட்ட சொன்னேன், சார் இது புது லோடு, பதினஞ்சு நாளாவது தனி டப்புல வைங்க, நேரா உள்ள உட்டுடாதீங்கன்னு.”

“சொன்னதுக்கு இன்னா சாட்சி?”

அவர் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினார். என் கணவருடைய நம்பர். அந்த வெள்ளிக்கிழமை மதியம். “சார் தனியா வச்சுட்டீங்களா. மறக்காதீங்க.” கீழே இரண்டு நீல டிக். பதில் இல்லை.

“சார் ரொம்ப அவசரத்துல இருந்தாரு மேடம். ஒரு போட்டோவக் காட்டி, இதே மாரி, இதே சைஸ்ல வேணும்னு கேட்டாரு. அர மணி நேரம் தேடிப் புடிச்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும், சந்தேகமுள்ள லோடு என்று தெரிந்தே கொடுத்தவர் அவர். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தாமிரம் கலந்த ஒரு மருந்துப் புட்டியையும், தண்ணீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனைப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தார். “பாறை இருக்குற தொட்டில இத ஊத்திடாதீங்க, நத்தையெல்லாம் செத்துடும். மீன மட்டும் வேற டப்புக்கு மாத்துங்க. பெரிய தொட்டிய ரெண்டரை மாசம் மீனே இல்லாம காலியா உட்டுடுங்க. பூச்சிக்கு மீன் கெடைக்கலன்னா தானா செத்துடும்.”

இவர் ஆபீஸ் விட்டு வருவதற்கு முன்பே அன்று நான் வீட்டில் இருந்தேன். போனில் இருந்த பொங்கல் படத்தைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தேன். அவர் வந்து, பார்த்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார்.

“நம்ம மீனு எங்க?” என்றேன்.

பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

“தீனி போட்டுட்டு மூடிய மூட மறந்துட்டேன். குளிச்சுட்டு வந்து பாக்குறேன், ஸ்டாண்டுக்குப் பின்னாடி கெடக்குது. காஞ்சு போச்சு.”

“அதுக்கு?”

“போன வருஷம் மூடிய மூடலன்னு ஒங்கிட்ட மூணு நாளு பேசாம இருந்தேன் இல்ல? அது ஞாபகத்துக்கு வந்துச்சு. எந்த மூஞ்ச வெச்சுகிட்டு ஒங்கிட்ட சொல்றது? ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். நீ வர்றதுக்குள்ள தொட்டில நாலு மீனு இருக்கணும். அதான் தனியா வெக்கல.”

இதற்காகவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டைப் பையைத் தடவிய என் கையை நினைத்தபோது அது அடங்கிவிட்டது. மிச்சம் ஒரு கேள்வி இருந்தது.

“எங்கண்ணன் மேல ஏன் பழிய போட்டீங்க?”

“வாய்ல வந்துடுச்சு. வந்தப்புறம் திருப்பி எடுக்க முடியல. நீ அவரு தண்ணியப் போய் டெஸ்ட் பண்ணுவேன்னு நெனைக்கல.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வலித்தது, அது உண்மை என்பதால். இவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை எடுத்து மூன்று டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டியவள் நான். இவர் வீட்டில் யாரோ ஒரு காலத்தில் மீன் வாசம் என்று சொன்னதற்கு எத்தனை வருடம் கொதித்திருக்கிறேன். அண்ணனின் தண்ணீரை ஒன்றுக்கு மூன்று முறை சுழற்றிப் பார்த்தபோது எனக்கு அந்தக் கொதிப்பு வரவேயில்லை.

அன்றே மூன்று மீன்களையும் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றினோம். நீலமீன் வலையில் சிக்காமல் பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்துத்தான் பிடிக்க முடிந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக, நான்கு நாள் எடுத்து அளவுக்குக் கொண்டுவந்தேன். காலையும் மாலையும் தாமிர அளவைச் சோதித்தது நான்தான். இவர் மருந்தைத் தொட நான் விடவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் பெரிய க்ளவுன் செத்துப்போனது. கடித்து விரட்டிய அது போய்விட்டது. நோயைக் கொண்டுவந்த புதுமீன் பிழைத்துக்கொண்டது. நீலமீனும் பிழைத்தது, ஒரு பக்கத் துடுப்பு மட்டும் கிழிந்து மடங்கிப் போனது. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு இரண்டின் மேலும் ஒரு புள்ளி இல்லை. ஆனாலும் முழுதாக ஒரு மாதம் மருந்திலேயே வைத்திருந்தேன்.

பெரிய பாறைத் தொட்டி விளக்கு எரிந்தபடி, பம்ப் ஓடியபடி, மீன் இல்லாமல் நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள், “மீனெல்லாம் எங்கே?” என்று கேட்டார்கள். இவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அதற்கு நடுவில் ஒரு நாள், என்னிடம் சொல்லாமலே, இவர் விடியலில் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். படகு கரைக்கு வந்ததும், ஏலம் போடும் கூட்டத்துக்கு நடுவிலேயே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அண்ணிதான். அண்ணன் மீனை இறக்கிக்கொண்டே கேட்டாராம். கடைசியில், “சரி மாப்ள, வெயிலாவுது, வூட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னாராம்.

இவர் செய்ததை இவர் சொல்லியாகிவிட்டது. நான் செய்தது பாக்கி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அவரு சொன்னதுக்காக நான் பாக்கலண்ணே. எனக்கே சந்தேகம் வந்துச்சு. அதான் பாத்தேன்.”

ஊசி நின்றது. “மொதல் தடவ பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறமும் பாத்த?”

“பாத்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் தைத்தார். பிறகு, “அந்தப் பூச்சியக் காட்டு” என்றார். போனில் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். வெயிலில் தெரியாமல், கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சுழன்றுகொண்டே இருந்த அதை முடிவுவரை பார்த்து, திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

“இம்மாத்துண்டா? கடல்லயும் இது இருக்குமா?”

“இருக்கும்ணே. ஆனா அங்க எடம் ஜாஸ்தி, மீனத் தேடிப் புடிக்கறதுக்குள்ள செத்துடும். தொட்டில எங்க திரும்புனாலும் மீனுதான்.”

“அப்ப என் தண்ணில இருந்துருக்கவும் வாய்ப்பு இருந்துச்சு.”

“இருந்துச்சு,” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அண்ணி உள்ளே இருந்து சாப்பிடக் கூப்பிட்டார். வஞ்சிர மீன் குழம்பு. மூவரும் சாப்பிட்டோம். தண்ணீரைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

மீன்கள் இரண்டும் பெரிய தொட்டிக்குத் திரும்பி இப்போது நான்கு மாதம் ஆகிறது. இவர் புதிதாக ஒன்று வாங்கினார், ஒரு மஞ்சள் மீன். அதற்கு முன் என்னிடம் கேட்டார். வாங்கியதும் தனி டப்பில் ஒரு மாதம் வைத்தார். டப்பின் மேல் தேதி எழுதி ஒட்டினார். தேதியை நான் என் காலண்டரிலும் குறித்துக்கொண்டேன். அவருக்கு அது தெரியும்.

அண்ணன் போன மாதத்திலிருந்து மறுபடி கேன் கொண்டுவருகிறார். முன்னைப் போல வாசலில் நின்று மாப்பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. நேராக உள்ளே வந்து கேனை இறக்கிவிட்டு, ஒரு டம்ளரில் அவரே தண்ணீரை மொண்டு என் முன்னால் வைக்கிறார். “எடுத்துட்டுப் போயி பாத்துட்டு ஊத்து பாப்பா.” சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. நான் டம்ளரை எடுத்து டப்பாவில் ஊற்றி மூடுகிறேன். திங்கட்கிழமை லேபில் பார்க்கிறேன். பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்து சொல்கிறேன். இப்போதெல்லாம் அவரே எடுக்கிறார்.